‘இந்த மதிப்பை யார் கொடுத்தது?’ என்று கேட்டவருக்கு

எண்ணுக்கு எண்ணின் இடத்தையும், எழுத்துக்கு எழுத்தின் இடத்தையும், ஆம் இல்லை என்னும் இரு சொற்களுக்கு அவற்றுக்கே உரிய இடத்தையும் வகுத்து, வகுத்ததை வழுவாது காத்து, காத்ததை எங்கள் கையில் ஒப்படைத்து இன்று விடைபெறும் எங்கள் அன்பு அக்கா அவர்களே! பிழையைப் பொறுக்காத பெருந்தகையே! பிழை செய்தவரைப் பொறுத்த பேருள்ளமே! சிவப்புப் பென்சிலின் சீற்றமே, அந்தச் சீற்றத்தின் பின்னால் தவறாமல் வரும் சிரிப்பே! வணக்கம்.

இது உங்களுக்கென நாங்கள் எழுதிய இரண்டாவது மடல். முதல் மடலை நீங்களே திருத்தினீர்கள். திருத்திய ஒரே கோட்டில் அது செல்லாமல் போயிற்று. அது நடந்த விதத்தைச் சொல்லாமல் இந்த அவையில் உங்களை வாழ்த்தினால், வாழ்த்தில் பாதியை மறைத்தவர்கள் ஆவோம். ஆகவே முன்வரிசையில் அமர்ந்திருக்கும் உங்கள் கணவரும் மகளும் கேட்க, தவறு செய்த நாங்கள் பதினொரு பேரும் தலை குனிந்தபடி கேட்க, முழுவதையும் சொல்லிவிடுகிறோம்.

முப்பத்தொரு ஆண்டுகளுக்கு முன், சன்னலுக்கும் அச்சு இயந்திரத்துக்கும் நடுவே இருக்கும் அந்த மேசைக்கு நீங்கள் வந்தீர்கள். “மருமக லைப்ரரியில வேலை பார்க்குறா” என்று உங்கள் மாமியார் பெருமையாகச் சொல்லிவைக்க, பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு ஆண்டுகள் விடாமல் உங்களிடம் தையல் புத்தகம் கேட்டுக்கொண்டிருந்தாராம். நம் லைப்ரரியில் புத்தகம் கிடையாது, அது கணினிக்கான சி மொழியில் எழுதிய நிரல்களின் தொகுப்பு, தனியே ஓடாது, பிறர் செய்யும் கருவிகளுக்குள் போய் அமர்ந்து வேலை பார்க்கும் என்று அவருக்கு நீங்கள் விளக்கினீர்களாம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, சமையல் புத்தகமாவது உண்டா என்றாராம். அன்று வீட்டில் கற்ற பொறுமைதான் அலுவலகத்தில் எங்களுக்கு உதவியது என்று நினைக்கிறோம்.

எத்தனை நொடி காத்திருப்பது, எந்தக் கோப்பில் எழுதுவது, ஒலி எழுப்புவதா வேண்டாமா என்று கருவி செய்பவர்கள் நம் நிரலுக்குச் சொல்லிவைக்கும் விவரங்களே உங்கள் ஆட்சிப்பரப்பு. மடலுக்கென்று அதற்கொரு தூய சொல் தேடினோம். நீங்களே ஆப்ஷன் என்றுதான் சொல்வீர்கள் என்பதால் தேடலைக் கைவிட்டோம்.

நீங்கள் வந்த காலத்தில் ஆப்ஷன்களுக்கு ஒரே வாசல்தான் இருந்தது. எண்ணானாலும் பெயரானாலும் அதன் வழியே உள்ளே போகும். சி மொழியோ கொடுத்ததை வாங்கிக்கொள்ளும் சுபாவம் கொண்டது. ஏன், எதற்கு என்று கேட்காது. மின்தூக்கி செய்யும் ஒரு பொறியாளர், கதவு எத்தனை நொடி திறந்திருக்க வேண்டும் என்ற இடத்தில் கைதவறி ஒரு கோப்பின் பெயரைக் கொடுத்துவிட்டார். அந்தப் பெயர் நினைவகத்தில் எந்த முகவரியில் இருந்ததோ அந்த முகவரியையே நம் நிரல் நொடிகளாக எடுத்துக்கொண்டது. பதின்மூன்று கோடி நொடிகள்! நல்லவேளையாக அது பரிசோதனைக் கூடத்து மின்தூக்கி. கதவு எப்போது மூடும் என்று அவர் தொலைபேசியில் பதற, நீங்கள் ஒரு துண்டுத்தாளில் வகுத்துப் பார்த்துவிட்டு நிதானமாகப் பதில் சொன்னதை இன்றும் இந்த அலுவலகம் மறக்கவில்லை: “நாலு வருஷம் ஒரு மாசம் ஆகும் சார். அதுக்குள்ள நாங்க சரி பண்ணிடுவோம்.”

எட்டே மாதத்தில் சரிசெய்தீர்கள். ஒரு வாசல் இருந்த இடத்தில் நான்கு வாசல்கள் வைத்தீர்கள். முழு எண்ணுக்கு ஒன்று, தசம எண்ணுக்கு ஒன்று, எழுத்துக்கு ஒன்று, ஆம் இல்லைக்கு ஒன்று. பெயரை எடுத்துக்கொண்டு எண்ணின் வாசலுக்கு வருபவரைக் கருவி பிறப்பதற்கு முன்பே, அவருடைய கணினியிலேயே தடுத்து நிறுத்தினீர்கள். எண்ணென்றால் அதற்குக் கீழ்வரம்பு எது, மேல்வரம்பு எது என்று கேட்டீர்கள். இன்று நம் பட்டியலில் இருநூற்றுப் பதினான்கு ஆப்ஷன்கள் இருக்கின்றன. வகையில்லாமல் வரம்பில்லாமல் ஒன்றுகூட இல்லை என்று நெஞ்சை நிமிர்த்தி எவரிடமும் சொல்வோம்.

ஆனால் உங்கள் பெருமை அந்த நான்கு வாசல்களில் முடியவில்லை. பட்டியலின் கடைசியில் நீங்கள் சேர்த்த மெல்லிய பத்தி ஒன்று உண்டு. அதன் தலைப்பு: யார் கொடுத்தது. பயனர் ஒன்றுமே சொல்லாதபோது நம் நிரல் தானாக எடுத்துக்கொள்ளும் மதிப்பு ஒன்று ஒவ்வோர் ஆப்ஷனுக்கும் இருக்கிறது. பயனர் தன் கையாலேயே கொடுத்தது எது, அவர் சும்மா இருந்ததால் நாமாக வைத்துக்கொண்டது எது என்று அந்தப் பத்தி பிரித்துக் குறித்துக்கொள்ளும். வீண் வேலை என்று அன்று நாங்கள் முணுமுணுத்தோம். சோதனைப் பிரிவில் நாங்கள் எல்லோரும் ‘சந்தேகம்’ என்று செல்லமாக அழைக்கும் நண்பர் வாய்விட்டே கேட்டார்.

“ரெண்டும் ‘இல்லை’தானே அக்கா, அதை எதுக்குத் தனியா வேற குறிச்சு வைக்கணும்?”

“ஒண்ணு அவர் யோசிச்சுச் சொன்னது. இன்னொண்ணு அவருக்குப் பதிலா நாம சொல்லிக்கிட்டது. நாளைக்கு நம்ம மனசு மாறினா, எதை மாத்தலாம், எதைத் தொடக்கூடாதுன்னு எப்படித் தெரியும்?”

ஒன்பதாம் பதிப்பில் அந்த நாள் வந்தது. நோயாளியின் நாடித்துடிப்பு தவறினால் ஒலி எழுப்புவதா என்ற ஆப்ஷனுக்கு அதுவரை நாமாக வைத்திருந்தது ‘இல்லை’. அதை ‘ஆம்’ என்று மாற்றினோம். வாய் திறக்காத மருத்துவமனைகளில் எல்லாம் ஒலி வந்தது, அதுவே நல்லது. ஆனால் பச்சிளங்குழந்தைகள் படுத்திருக்கும் ஒரு பிரிவில், ஒலி வேண்டாம், செவிலியர் மேசையில் விளக்கு எரிந்தால் போதும் என்று யோசித்து ‘இல்லை’ கொடுத்திருந்தார்கள். அந்த ‘இல்லை’யை நம் மாற்றம் தொடவில்லை. குழந்தைகள் தூங்கினார்கள், விளக்கு எரிந்தது, செவிலியர்கள் ஓடிவந்தார்கள். அதன் பிறகு அந்தப் பத்தியைப் பற்றி எவரும் முணுமுணுத்ததில்லை.

“இந்த மதிப்பை யார் கொடுத்தது?” இந்தக் கேள்வியைக் கேட்காமல் நீங்கள் ஒப்புதல் தந்த நிரல் எதுவும் இல்லை. வீட்டிலும் இதே நிலைமைதான் என்று உங்கள் கணவர் எங்களிடம் ஒருமுறை குறைபட்டுக்கொண்டார். டீ வேண்டுமா என்று அவர் கேட்டாராம். நீங்கள் ஏதோ படித்துக்கொண்டு பேசாமல் இருந்தீர்களாம். அவர் தனக்கு மட்டும் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தாராம். சொல்லவில்லை என்றால் வேண்டாம் என்று யார் சொன்னது என நீங்கள் நிமிர்ந்து பார்த்தீர்களாம். அன்றிலிருந்து இரண்டு முறை கேட்கிறேன் என்றார் அந்த நல்ல மனிதர்.

அவருக்கு ஒரு டீயில் புரிந்தது, இத்தனை ஆண்டுகள் உங்களோடு இருந்த எங்களுக்குப் புரியவில்லை.

மூன்று மாதங்களுக்கு முன் பணியாளர் பிரிவிலிருந்து உங்களுக்கு ஒரு படிவம் வந்தது. பணி நீட்டிப்பை விரும்புகிறீர்களா, ஆம் அல்லது இல்லை. அந்தக் கட்டத்தை நீங்கள் காலியாக விட்டீர்கள். அவர்களுடைய நிரல் காலியை ‘இல்லை’ என்று எடுத்துக்கொண்டது. அது எங்கள் நிரல் அன்று, வேறு யாரோ செய்தது என்று சொல்லி நாங்கள் தப்பிக்கலாம். ஆனால் அந்த நிரல் ஒருமுறை செய்த தவற்றைப் பிறகு பதினொரு பேரும் தனித்தனியே செய்தோம். ஓய்வு ஆணை வந்தது, பார்த்தோம். ஒருவர்கூட உங்கள் மேசைக்கு வந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. கூடம் பார்த்தோம், நாள் குறித்தோம், வாழ்த்து மடலுக்குச் சட்டம் போடுபவரிடம் கண்ணாடிக்கு அளவு கொடுத்தோம். உங்கள் முகம் வாடியிருந்தது தெரிந்தது. பிரிவுத் துயர் என்று அதற்கும் நாங்களே ஒரு மதிப்பைக் கொடுத்துக்கொண்டோம்.

அந்த முதல் மடலை எழுதியவனும் ஆவணப் பிரிவில் இருக்கும் நான்தான். ஆண்டும் எண்ணும் சரியா என்று பார்த்துத் தர உங்களிடமே கொண்டுவந்தேன். வேறு யாரிடம் கொண்டுபோவது? நீங்கள் பணியில் சேர்ந்த மாதத்தைத் திருத்தினீர்கள். இருநூற்றுப் பன்னிரண்டு ஆப்ஷன் என்றிருந்ததை இருநூற்றுப் பதினான்கு ஆக்கினீர்கள். “மனமுவந்து ஓய்வை ஏற்கும் மாதரசியே” என்ற என் அருமையான வரிக்கு வந்தீர்கள். ‘மனமுவந்து’ என்ற சொல்லின் கீழ் சிவப்புக் கோடு விழுந்தது. ஓரத்தில் எழுதினீர்கள்: இந்த மதிப்பை யார் கொடுத்தது?

நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை.

“ஃபார்ம் வந்த அன்னிக்கு எனக்கே தெரியலை. அதான் காலியா விட்டேன். யாராவது வந்து கேட்பீங்கன்னு நினைச்சேன்.”

அக்கா, அந்த ஒரு வரியைக் கேட்டு எங்களுக்கு உண்டான வெட்கத்தை எந்த அடைமொழியாலும் மூட முடியாது. மறுநாள் காலை மேலாளர் ஆணையை நிறுத்திவைத்துவிட்டு, ஒரு நாற்காலியைத் தாமே இழுத்துவந்து உங்கள் எதிரில் போட்டு உட்கார்ந்து, இன்னும் இரண்டு ஆண்டுகள் இருக்க முடியுமா என்று கேட்டார். இரண்டு நாள் தாருங்கள் என்றீர்கள். அந்த இரண்டு நாளில் சட்டம் போடுபவர் மூன்று முறை அழைத்தார்; மூன்று முறையும் நாளைக்குச் சொல்கிறோம் என்றோம். நீங்கள் இருந்துவிடுவீர்கள் என்று ‘சந்தேகம்’ முதன்முறையாக ஒரு விஷயத்தைச் சந்தேகமில்லாமல் சொல்லித் திரிந்தார். மறைப்பானேன், நாங்களும் அதையே ஆசைப்பட்டோம். மூன்றாம் நாள் எங்கள் எல்லோரையும் மேசைக்கு அழைத்தீர்கள்.

“நேத்து பட்டியலை மேலேர்ந்து கீழே வரைக்கும் படிச்சேன். என்னைக் கேட்காம நீங்களா சேர்த்தது இருபத்திரண்டு ஆப்ஷன் இருக்கு. ஒண்ணுல கூட என்னால கோடு போட முடியலை. அதனால, இல்லை. நான் கிளம்புறேன்.”

பிறகு அந்தப் படிவத்தைக் கேட்டு வாங்கி, காலியாக இருந்த கட்டத்தில் உங்கள் கையெழுத்தில் ‘இல்லை’ என்று எழுதி, கீழே ஒப்பமிட்டீர்கள். வெளியில் இருந்து பார்ப்பவருக்கு ஒன்றும் மாறவில்லை. அதே ஆணை, அதே நாள், அதே கூடம். ஆனால் முதலில் இருந்த ‘இல்லை’ உங்களுக்குப் பதிலாக நாங்கள் சொல்லிக்கொண்டது. இது நீங்கள் சொன்னது. இதைத் தொட இனி எவருக்கும் உரிமையில்லை. அழுகை வந்த சிலர் அச்சு இயந்திரத்தில் தாள் தீர்ந்துவிட்டதா என்று பார்க்கப் போனார்கள்.

ஆகவே, பிழையின்றி இப்போது சொல்கிறோம்: மனமுவந்து ஓய்வை ஏற்கும் மாதரசியே! அந்த முதற்சொல்லை நீங்களே எங்களுக்குத் தந்துவிட்டதால், இந்த மடலில் அது தலை நிமிர்ந்து நிற்கிறது. உடல்நலமும் உள்ளநலமும் ஓங்க, உங்கள் கணவர் இரண்டு முறை கேட்டு மூன்று வேளையும் டீ தர, படிக்க நினைத்ததையெல்லாம் படித்து, பார்க்க நினைத்த இடமெல்லாம் பார்த்து, நீடூழி வாழ்க! வாழ்நாளுக்குக் கீழ்வரம்பு நூறு என்று வைத்திருக்கிறோம். மேல்வரம்பு எங்கே என்று பென்சிலை எடுக்காதீர்கள். இந்த ஓர் இடத்தில் வேண்டுமென்றே வைக்கவில்லை.

படிவத்தில் ஒப்பமிட்ட அன்று மாலை நீங்கள் வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில், எங்களுக்கு ஏதேனும் ஐயம் வந்தால் அழைக்கலாமா என்று கேட்டோம். இந்த முறை மறக்காமல் கேட்டோம். நீங்கள் சொன்ன பதிலை இந்த மடலின் அடியில், யார் கொடுத்தது என்ற குறிப்போடு, அப்படியே பதித்திருக்கிறோம்.

“கூப்பிடுங்க. எடுக்கலைன்னா வேண்டாம்னு நினைச்சுக்காதீங்க. மறுபடி கூப்பிடுங்க.”
— அக்கா, தம் வாயால் சொன்னது.

மறுபடி அழைப்போம் என்ற உறுதியுடன்,
இருநூற்றுப் பதினான்கு ஆப்ஷன்களுக்கும் இன்று முதல் பொறுப்பேற்கும்
உங்கள் பதினொரு பேர்.