வாத்தியார் கவ்வின வேப்பங்கொத்து

"சொல்லுய்யா வாத்தியாரே! வாயில என்ன கொழுக்கட்டையா?"

நாட்டாமை உடையணன் கத்துறாரு. ஊரே வேப்பமரத்தடியில கூடி நிக்குது. வாத்தியார் சங்கிலிமுத்து வாயைத் திறக்கல.

அவர் எங்க பூட்டனுக்கு அப்பன். வெள்ளைக்காரன் காலம். ஊரு ஓடைக்கரைப்பட்டி. அப்பல்லாம் தீர்ப்பை முடிவு பண்றது நாட்டாமை, அதை ஊருக்கே கேக்குற மாதிரி சத்தமாச் சொல்றது வாத்தியாராம். பிள்ளைங்களை மிரட்டி மிரட்டி அவருக்குத்தான் தொண்டை பெருசாம். அவர் சொன்னா தீர்ப்பு. சொல்லாதவரைக்கும் வெறும் பேச்சு.

இன்னொரு வழக்கமும் இருந்துச்சு. கேவலமான வழக்கம். யார் மேல குத்தமோ அவங்க வாயில வேப்பங்கொத்தைக் கவ்விக்கிட்டு நிக்கணும். பேசக்கூடாது. சொந்தக்கார ஆம்பளை யாராவது அவங்களுக்காகப் பேசலாம்.

அன்னைக்கு நின்னவ அழகுப்பேச்சி. புருஷன் செத்தவ. கூடப்பிறந்தவனும் கிடையாது. இடுப்புல கைப்பிள்ளை. கண்மாய் மடையைத் திருட்டுத்தனமாத் திறந்துட்டா, தண்ணி வீணாப் போச்சு, நெல்லு கருகப்போகுதுன்னு குத்தம். ஊரைவிட்டே விரட்டணும்னு முடிவு. நாட்டாமையை ரொம்ப வைய மாட்டேன். கருகப்போறது அவர் வயலும்தான். வயித்தெரிச்சல்.

சரி, வாத்தியார் ஏன் ஊமையானாரு? அன்னைக்குக் காலையில பள்ளிக்கூடத்துல ஒன்னு நடந்துச்சாம்.

பழைய ராசா கதை நடத்திக்கிட்டிருந்தாரு. ராசாவோட கிளி காணாமப்போகுது. தோட்டக்காரிதான் திருடினான்னு யாரோ சொல்றாங்க. ராசா அவளைக் காட்டுக்கு விரட்டுறான். பின்னாடி கிளி தானா வருது. அவ வரல. இந்த இடத்துல பிள்ளைங்க அழணும். வருஷா வருஷம் அழுவுங்களாம்.

அந்த வருஷம் நாட்டாமை மக நாச்சம்மா அழல. எந்திரிச்சு நின்னு கேட்டா.

"ராசா ஏன் அவகிட்ட ஒரு வார்த்தை கேக்கல?"

"அவன் ராசா தாயீ. அவன் சொல்றதுதான் சட்டம்."

"அப்ப ராசாவுக்குச் சட்டம் யாரு?"

வாத்தியார் சரி, நீங்களே விசாரிங்கன்னு ஒரு பையனை ராசாவா நிக்கவச்சாரு. "ராசாவே, நீரு சொல்றதையும் கேக்குறோம், சொல்லும்"னாளாம் நாச்சம்மா. பாத்துக்கோங்க, ராசாவைக்கூட கேட்டுட்டுத்தான் தீர்ப்பு.

"எனக்குக் கிளின்னா உசிரு. கோவத்துல சொல்லிட்டேன்"னான் பையன்.

ராசா மேல தப்புன்னு முடிவாச்சு. அப்ப பின்னால இருந்து ஒருத்தன், "ராசா சொன்னதைத் தண்டோரா போட்டவன் மேலயும்தான் தப்பு. அவன் போடாம இருந்திருந்தா?"ன்னானாம். எல்லாம் சிரிச்சுச்சு. வாத்தியார் சிரிக்கலியாம்.

இப்ப மரத்தடியில அதே பிள்ளைங்க அவர் வாயையே பாக்குதுங்க. அழகுப்பேச்சி திறந்தாளா இல்லையான்னு அவருக்கும் தெரியாது. யாரும்தான் கேக்கலையே.

"சொல்லுய்யா!"

வாத்தியார் நடந்தாரு. அவ வாயில இருந்த வேப்பங்கொத்தை உருவினாரு. தன் வாயில கவ்விக்கிட்டாரு.

"வாத்தியாருக்கு வயித்துல பூச்சிடோய்!"னு ஒருத்தன் கத்தினானாம். சிரிப்பு அடங்குறதுக்குள்ள அழகுப்பேச்சி பேசிட்டா.

"ஆமா, நான்தான் திறந்தேன். ஐயனார் கோயில் பக்கம் கரை விரிஞ்சு தண்ணி பீச்சுச்சு. வீடு வீடாத் தட்டினேன். தாலியறுத்தவ விடியும்போதே வந்து நிக்கிறாளேன்னு எவனும் கதவைத் திறக்கல. மடையைத் திறக்கலைன்னா கரை உடைஞ்சு கீழத்தெருவே போயிருக்கும்யா. போய்ப் பாருங்க!"

போய்ப் பாத்தாங்க. விரிசல்ல கையை விட்டா முழங்கை வரைக்கும் போச்சாம்.

அன்னையிலருந்து அந்த மரத்துக்கு வாத்தியார் வேம்புன்னு பேரு. எங்க ஊர்ல இன்னைக்கும் வழக்குன்னா, குத்தம் சொல்லப்பட்டவங்க பேசி முடிக்கிறவரைக்கும் நாட்டாமைதான் வேப்பங்கொத்தைக் கவ்விக்கிட்டு உக்காரணும். கேக்காம தீர்ப்பு சொல்லக்கூடாதுன்னு சட்டத்துலயே இருக்காம்ல. பத்தாவதோட நின்ன எனக்கு அதுக்குப் பேரு தெரியாது. மரத்தோட பேரு தெரியும்.

கதை இன்னும் முடியல. கரையிலருந்து திரும்பி வந்த நாட்டாமை, தலையைக் குனிஞ்சுக்கிட்டே சொன்னாராம்.

"வாத்தியாரே, அழகுப்பேச்சியை ஊரு மன்னிச்சிருச்சுன்னு சத்தமாச் சொல்லும்."

மன்னிக்கிறதுக்கு அவ என்ன தப்புப் பண்ணினா? வாத்தியார் கையில இருந்த கொத்தைத் திரும்பவும் வாயில வச்சுக் கவ்விக்கிட்டாராம். நாட்டாமை கெஞ்சியும் பாத்தாரு.

சொல்லவே இல்ல.