மூச்சை நம்பாத எமில்டா அக்காவுக்கு

கடலுக்கு அஞ்சாத, தன் கையெழுத்துக்கு அஞ்சிய, கப்பல் தளத்தின் காவலாய் இருபத்தொன்பது ஆண்டுகள் நின்ற எங்கள் எமில்டா அக்காவே! வெறும் புகழ்ச்சியென்றால் இந்தப் பணி ஓய்வு வாழ்த்து மடலைச் சட்டத்தோடு திருப்பித் தந்துவிடுவேன் என்று மிரட்டியிருக்கிறீர்கள். ஆகையால் நடந்ததையே சபையோருக்குச் சொல்கிறோம்.

எங்கள் சரக்குக் கம்பெனியில் எந்த வேலையில் எவ்வளவு ஆபத்து என்று எடைபோட்டு எழுதும் பொறுப்பு எமில்டாவுடையது. அதற்கான கூட்டத்தில் மேலாளர் முதலில் பேசுவார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள், வடை வரும். ஒருநாள் மரக்கட்டை ஏற்றிவரும் கப்பல்களைப் பற்றிப் பேச்சு வந்தது. கப்பலடியில் மூடிக்கிடக்கும் சரக்கறையில் பச்சை மரம் ஆக்சிஜனைத் தின்றுவிடும் என்று எமில்டா தொடங்கினார்.

"நம்ம ஆளுவ முத்துக்குளிச்ச பரம்பரைம்மா. மூச்சடக்க அவனுவளுக்கு நீங்க சொல்லிக் குடுக்கப் போறியளா?" என்றார் மேலாளர்.

எல்லாரும் சிரித்தார்கள். எமில்டாவும் சிரித்தார். அவருடைய தாத்தாவும் முத்துக் குளித்தவர். அந்தப் பெருமையிலேயே 'ஆபத்து குறைவு' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

பதினோராம் நாள் எங்கள் தொழிலாளி அபிலாஷ் அப்படியொரு சரக்கறைக்குள் ஏணியில் இறங்கிப் பாதியில் விழுந்தார். மேலே நின்ற புன்னைக்காயல் பர்னபாஸ் சங்கு குளித்துப் பழகியவர். சிலுவை போட்டு, நெஞ்சு நிறைய மூச்சிழுத்து, அவரைத் தூக்க இறங்கினார். கடல் ஆளைத் தாங்கும். சரக்கறையிலோ முழுப் பாரமும் தோளில். நடுவில் ஒரே ஒரு மூச்சு வேண்டியிருந்தது; இழுத்த காற்றில் ஆக்சிஜன் இல்லை. இருவரையும் பிணமாய்க் கயிறு கட்டித்தான் ஏற்றினோம்.

விசாரணையில் எமில்டாவை யாரும் குறை சொல்லவில்லை. அதுதான் அவரை அரித்தது. பர்னபாஸின் மனைவி பிலோமினாவிடம் போய், கையெழுத்தையும் சிரிப்பையும் மறைக்காமல் சொன்னார்.

"தெரிஞ்சிருந்தும் ஏன்க்கா சிரிச்சிய?" என்று மட்டும் கேட்டார் பிலோமினா.

அதன்பின் எமில்டா கூட்டத்தின் முறையையே மாற்றினார். கடைநிலைப் பணியாளர் முதலில் பேச வேண்டும், மேலாளர் கடைசியில். 'இதுவரை ஒன்றும் ஆகவில்லை' என்பது காரணமாகாது. மீட்டர் வைத்துக் காற்றை அளக்காமல் ஒருவரும் இறங்கக் கூடாது, விழுந்தவரைத் தூக்குவதற்கும்கூட. இந்தக் கடைசி வரியை மட்டும் அவர் எப்போதும் இரண்டுமுறை சொல்வார். தான் ஓய்வு பெற்றுப் போனபின் மேலாளர் முதலில் பேசும் பழைய வழக்கம் திரும்பிவிடுமோ என்பதே அவருடைய பயம்.

போன வாரம் அவருடைய கடைசிக் கூட்டம். மரம் ஏற்றிவந்த கப்பலுக்கு அவசரம். மூடி திறந்து ஒருநாள் ஆயிற்றே, இறங்கலாம் என்று எமில்டாவே முந்திச் சொல்லிவிட்டார். தளம் பெருக்கும் பிளாரன்ஸ் எழுந்தார்.

"மீட்டர் வச்சாச்சாக்கா? நீங்களே சொன்னாலும் எறங்கக் கூடாதுன்னு நீங்கதான சொல்லிருக்கிய."

மீட்டரை இறக்கினார்கள். ஆக்சிஜன் போதாதென்று அது அலறியது.

அக்கா, அன்று முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். நாங்கள் பார்த்தோம். கலங்காமல் போய்வாருங்கள். இனி நீங்களே வந்து சொன்னாலும், அளக்காமல் நம்பமாட்டோம். இதைவிடப் பெரிய மரியாதை எங்களிடம் இல்லை. பர்னபாஸும் அபிலாஷும் இழுக்காமல் விட்ட மூச்சையும் சேர்த்து, நோயின்றி நெடுநாள் வாழுங்கள்.

இப்படிக்கு, வரிசைப்படி,
தளம் பெருக்கும் பிளாரன்ஸ் முதல்
கடைசியாக மேலாளர் வரை,
பணியாளர்கள்
தூத்துக்குடி