பதினோரு ஃபிரேம்

தாமதமாக வருகிறவர்கள்மேல் எனக்குக் கோபம் வந்ததே இல்லை. பாவமாகத்தான் இருக்கும். என் கல்யாணத்துக்கே நான் இருபது நிமிடம் தாமதம். என் மனைவி சொன்ன நேரத்துக்கு வந்து, பதிவு அலுவலகத்துக் குமாஸ்தாவோடு சிநேகமாகியிருந்தாள். "இன்னும் அஞ்சு நிமிஷம் விட்டிருந்தா இவரையே கட்டியிருப்பேன்" என்று சிரித்தாள். முட்டையை அடுப்பில் வைத்துவிட்டுக் குளிக்கப் போவாள். அது பதமாக வெந்த நொடியில் ஈரத்தலையோடு வந்து நிற்பாள். அப்படி ஒரு உடம்பு.

விசாரிக்க உட்கார்ந்திருக்கும் நீங்கள் மூன்று பேரும் மரியாதையாகத்தான் கேட்கிறீர்கள். குடிக்கத் தண்ணீரும் வைத்திருக்கிறீர்கள். அதனால் வரிசையாகவே சொல்கிறேன்.

முதலில் என் வேலை என்னவென்று சொல்ல வேண்டும். எங்கள் நடனக் குழுவின் டைரக்டருக்கே ஆறு வருடமாக அது சரியாகப் புரியவில்லை, உங்களைக் குறை சொல்ல மாட்டேன். இசை ஓடுவது என் மேஜையிலிருந்து. அதோடு சேர்ந்து டைம்கோடு என்று ஓர் எண் ஓடிக்கொண்டே போகும். மணி, நிமிடம், நொடி, ஒரு நொடிக்கு இருபத்தைந்து ஃபிரேம். அரங்கத்தில் யார் காதுக்கும் அது கேட்காது. திரையில் படம் காட்டும் கம்ப்யூட்டரும் விளக்குப் பலகையும் அந்த எண்ணைப் பார்த்துத்தான் நடக்கும். இன்ன ஃபிரேமில் கொக்கு பறக்க வேண்டும் என்றால் பறக்கும். நீலம் வர வேண்டும் என்றால் வரும். அந்த எண் போய்ச் சேராத ஒரே ஆள் என் மனைவி. அவள் இசையைக் கேட்டு ஆடுவாள். நாற்பது நிமிடம், தனி ஆளாக. உள்ளங்கையை விரித்தால் பின்னால் கொக்கு எழும்பும், காலைத் தட்டினால் வெளிச்சம் பரவும். பார்க்கிறவர்கள் எல்லாம் அவளே செய்கிறாள் என்று நினைத்துக் கைதட்டுவார்கள். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

கடல் கடந்து இருக்கும் ஒரு பெரிய நடனக் குழு அவளை இரண்டு வருடத்துக்குக் கேட்டது. எங்கள் புது நிகழ்ச்சியின் பன்னிரண்டாவது காட்சியை நேரில் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக ஏற்பாடு.

"ரெண்டு வருஷம்தானேங்க. கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள வந்துடுவேன்" என்றாள்.

"தாராளமா போய்ட்டு வா" என்றேன். மனைவியைத் தடுக்கிற புருஷன்களை எனக்குப் பிடிக்காது.

என் கம்ப்யூட்டரில் ஆஃப்செட் என்று ஒரு சின்னக் கட்டம் உண்டு. அதில் ஓர் எண்ணைப் போட்டால் டைம்கோடு அத்தனை ஃபிரேம் முந்திப் போகும். இசை அப்படியே இருக்கும். படமும் விளக்கும் மட்டும் முந்திக்கொள்ளும். முதல் காட்சியில் ஒன்று போட்டேன். ஒரு ஃபிரேம் என்பது மனசாட்சி கண் சிமிட்டுகிற நேரம்கூட இல்லை. அடுத்த காட்சியில் இரண்டு. அதற்கடுத்ததில் மூன்று. ஒத்திகையில் மட்டும் பூஜ்யம்.

ஆறாவது காட்சி முடிந்து முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்: "ஏங்க, நான் லேட்டா வர்றேனா?"

"களைப்பா இருப்பே. கொஞ்சம் தூங்கு."

நீ தாமதம் என்று நான் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். சொன்னது டைரக்டர்தான். "படமும் லைட்டும் ஒண்ணாத்தானே வருது? ரெண்டு மெஷினும் பேசி வச்சுக்கிட்டா தப்பு பண்ணும்?" என்று கேட்டார். மனிதர் அன்றைக்குத்தான் முதல் முறையாக மெஷினைப் பற்றி யோசித்தார், அதுவும் பாதி. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். ஒயர் மாட்டாதது மேடையில் அவள் ஒருத்திதானே. வீடியோ பதிவைப் போட்டுப் பார்த்தாள். அதிலும் கொக்கு முதலில், கை அப்புறம்.

டாக்டரிடம் நான்தான் கூட்டிப்போனேன். காதுக்கு ஒரு சோதனை, தலைக்கு ஒரு ஸ்கேன். நல்ல டாக்டர். ஒன்றுமில்லை, மனசுதான் என்று சொல்லி ஒரு சின்ன மாத்திரை எழுதிக் கொடுத்தார். "ஏதாவது இருந்திருந்தா நிம்மதியா இருந்திருக்கும்" என்று வழியெல்லாம் அழுதாள். அவள் கையை நான் விடவே இல்லை.

பதினோராவது ஒரு பகல் காட்சி. கொக்கு பறந்து கிட்டத்தட்ட அரை நொடி கழித்து அவள் கை விரிந்தது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நல்ல மனுஷன்தான் போலிருக்கிறது, உடனே அடக்கிக்கொண்டார். வீட்டுக்கு வரும்போது அவளே கைப்பேசியை எடுத்து, வரவில்லை என்று அந்தக் குழுவுக்கு எழுதினாள். நடுங்காமல் எழுதட்டும் என்று வண்டியை ஓரமாக நிறுத்திக் கொடுத்தேன்.

மறுநாள் கட்டத்தில் பூஜ்யம் போட்டுவிட்டேன். அவளுக்குப் பதில் வந்த பெண்ணை ஒரு ஃபிரேம்கூடத் தொந்தரவு செய்யவில்லை.

ஆனால் லைட் அக்கா ஒருத்தி இருக்கிறாளே. விளக்குப் பலகையில் இருப்பவள்; என்னைவிட எட்டு வயது சின்னவள், நானும் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். எல்லோருடைய ஃபைலுக்கும் ஒவ்வொரு காட்சியன்றும் ஒரு நகல் எடுத்து வைப்பது அவள் பழக்கம். நான் அதைச் சொல்லிக் கேலி செய்திருக்கிறேன். போன மாதம் எதையோ தேடப்போய், அந்தக் கட்டத்தில் ஒன்று முதல் பதினொன்று வரை வரிசையாக இருந்ததைப் பார்த்துவிட்டாள்.

நீங்கள் கேட்டது அந்தப் பதினொன்றைப் பற்றி மட்டும்தான். எழுதிக்கொள்கிறீர்கள் என்பதால் மீதியையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு மாதத்தில் அவள் தேறிவந்தாள். சமையலறையில் முணுமுணுத்துக்கொண்டே ஒரு சுற்றுச் சுற்றினாள். அழகாக இருந்தது. அன்றைக்குச் சுவர்க் கடிகாரத்தை ஏழு நிமிடம் முந்தி வைத்தேன். அவள் கைப்பேசியில் நேரம் மாற்றுகிற இடத்தைக் கண்டுபிடிக்கக் கொஞ்சம் சிரமப்பட்டேன். பால் காய்ச்சும்போது அவள் திரும்பிய சமயம் பார்த்து அடுப்பைக் கூட்டிவைத்தேன், நாலைந்து தடவை இருக்கும். சமைப்பதை விட்டாள். அப்புறம் தனியாக வெளியே போவதை. அவள் தங்கை தன் கைக்குழந்தையோடு வந்தபோது தூக்க மறுத்துவிட்டாள். "சரியான நேரத்துக்கு என் கை பிடிக்கலேன்னா?" என்றாள். அன்றிலிருந்து தலை சீவிவிடுவதும் நான்தான். வாழ்க்கையில் நாங்கள் இவ்வளவு நெருக்கமாக இருந்ததே இல்லை.

அவளைக் கூப்பிட்டு விசாரிக்கப்போவதாகச் சொல்கிறீர்கள். தாராளமாக. வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறாள், நான் வரும்வரை எழுந்திருக்க மாட்டாள். ஆனால் லைட் அக்கா உங்களிடம் வருவதற்கு முன் எங்கள் வீட்டுக்கு வந்தாள். பதினோரு எண்ணையும் ஒரு தாளில் பெரிசாக எழுதிக் கொண்டுவந்து, என் முன்னாலேயே அவளுக்கு விரல் வைத்துப் படித்துக் காட்டினாள். என் மனைவி ரொம்ப நேரம் அந்தத் தாளையே பார்த்தாள். பிறகு அதை என்னிடம் நீட்டினாள்.

"இவ என்னமோ சொல்றா. என் கண்ணை நான் நம்பறதில்லைங்க. இதுல என்ன போட்டிருக்குன்னு நீங்க பாத்துச் சொல்லுங்க."

"எல்லாம் பூஜ்யம்மா" என்றேன்.

அவள் முகம் தெளிந்தது. லைட் அக்கா எழுந்து போய்விட்டாள். இத்தனை வருடத்தில் என் மனைவியிடம் நான் சொன்ன ஒரே பொய் அதுதான். அதையும் ஒப்புக்கொள்கிறேன்.