கேரியர் இல்லாத சைக்கிள்

மட்டாஞ்சேரி படகுத்துறையில் நீண்ட வரிசை. படகில் இடம் கிடைக்குமோ கிடைக்காதோ என்று கவலையோடு நின்றேன். முன்னால் நின்றவர் "கிராவல் ஒண்ணு வாங்கப் போறேன்" என்றதும் அவர் மனைவி கேட்டாள்.

"ஓட்டல் வேலையை விட்டுட்டு கிராவல் மண் அடிக்கப் போறீங்களா?"

"மண்ணு அடிக்க இல்ல செல்வி, சைக்கிள் பேரே கிராவல் சைக்கிள்தான். டயர் அகலம். தார் ரோட்டுலயும் ஓடும், சரளைக்கல்லுலயும் ஓடும்."

"அன்னிக்கு கடையில பார்த்தோமே, ஆட்டுக்கொம்பு மாதிரி ஹேண்டில் வளைஞ்சிருந்துச்சே, அதா?"

"அதேதான். காத்து கொஞ்சம் கம்மியா வச்சா குழியில குலுங்காதாம்."

"கேரியர் எங்க?"

"அது... இந்த வண்டிக்கு வராது."

"அப்ப ஞாயித்துக்கிழமை நான் எங்க உக்கார்றது? கொம்புலயா? கேரியர் இல்லாத சைக்கிள் நம்ம வீட்டுக்கு வேண்டாம்."

அவர் முகம் வாடிவிட்டது. உடனே சைக்கிள் கடைக்காரருக்குப் போன் போட்டார்.

"சேட்டா, அந்த சைக்கிள்ல கேரியர் மாட்ட ஓட்டை உண்டோ? ஆள் உக்காரணும்."

பதிலைக் கேட்டுவிட்டு மனைவி பக்கம் திரும்பினார்.

"மாட்டலாமாம் செல்வி. ஆளு எவ்வளவு எடைன்னு கேக்கறாரு."

அவள் போனைப் பிடுங்கி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ரகசியமாக ஏதோ சொன்னாள். பிறகு சத்தமாக, "எதுக்கும் நல்ல பலமானதாவே மாட்டிடுங்க சேட்டா" என்றாள்.