ஒண்டும் கேக்காத டொக்டர்

யுத்த காலத்தில் ஒரு காலை, வாவியைக் கடக்க மண்டூர்த் துறையில், பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகுக்காகக் காத்து நின்றோம். எனக்கு முன்னால் நின்ற பெண் பக்கத்தில் நின்ற இன்னொரு பெண்ணிடம் சொன்னார்:

"புளியந்தீவில இருக்கிற அந்த டொக்டர் ஒண்டுமே கேக்கல்லகா. அதாலதான் எங்கட மனிசன் திரும்பவும் அவரிட்டப் போறார்."

"கேக்காம என்னெண்டு வருத்தம் பாக்கிற?"

"முதல் போன இடங்களில, 'ஆமிக் காம்புக்குக் கொண்டுபோய் என்ன செஞ்சாங்க?' எண்டுதான் கேட்டாங்க. இவர் நடுங்கிப்போய் எழும்பி வந்திருவார். இந்த டொக்டர், 'எங்க இருக்க விருப்பம்?' எண்டார். இவர் கதவடிக் கதிரையக் காட்டினார். டொக்டர் கதவத் திறந்து வெச்சிற்று, வெளிய போற வழிய மறைக்காமத் தன்ர கதிரையத் தள்ளிப் போட்டார்."

"பிறகு?"

"வட்டையில வெள்ளாமை எப்பிடி எண்டு கதைச்சாங்க. கனநாள் அதுதான் கதை. போன கிழமை இவர் தானாகவே எல்லாத்தையும் சொல்லி அழுதாராம். அண்டைக்கு வீட்ட வந்து, ராவில கத்தி எழும்பாம நித்திரை கொண்டார்."

பாதை வந்து கரையில் முட்டியது. சனம் ஏறத் தொடங்கியது. மற்றப் பெண் முந்தானையை விரலில் சுற்றியபடி அப்படியே நின்றார்.

"அவர் பொம்பிளையளையும் பாப்பாராகா?"

முதல் பெண் கூடையைக் கீழே வைத்துவிட்டு அவர் கையைப் பிடித்தார்.

"பாப்பார். வெள்ளிக்கிழமை நானும் உன்னோட வாறன்."