ஜானெலுக்கு ஒதுக்கிய படுக்கை

எங்கள் அலுவலகத்துக்கு மனுவோடு வருகிறவர்களை நான் ஒருநாளும் நிற்க வைத்துப் பேசியதில்லை. எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போட்டாய் என்று கேட்டதுமில்லை. கான்ஸஸில் எங்கள் தொகுதியில் யாரை வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள். எம்.பி. வாஷிங்டனில் இருப்பார். ஊரில் அவருக்குப் பதில் நான்தான்.

வெண்டல் ஸ்டக்கி என்னைத் தேடி வந்தது, பட்ஜெட் நிறைவேறாமல் அரசு அலுவலகங்களை மூடிய வாரத்தில். எத்தனையோ முறை பார்த்த கூத்துதான். எதிர்க்கட்சிக்காரர்கள் எங்களைக் கைகாட்டுவார்கள், நாங்கள் அவர்களைக் கைகாட்டுவோம். நடுவில் எவனோ ஒருவன் சம்பளமில்லாமல் விமான நிலையத்தில் பெட்டிகளைச் சோதித்துக்கொண்டிருப்பான். கடைசியில் இடைக்காலமாகக் கொஞ்சம் பணத்தை ஒதுக்கிவிட்டு இரு தரப்பும் ஜெயித்ததாகச் சொல்லிக்கொள்ளும். இதையே பார்த்துப் பல்லைக் கடித்துக் கடித்து எனக்குத் தாடை வலியே வந்துவிட்டது.

காலை உணவுக்குப் போன இடத்தில், பரிமாறுகிற ரோஸலின் என் முன்னால் தட்டை வைத்துக்கொண்டே, "கவர்மென்ட்டையே மூடிட்டீங்களாம்ல? அப்படியே என் வரியையும் சேர்த்து மூடிருங்க சார்" என்றாள். பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள். எல்லாரும் சிரிக்கத்தான் செய்தார்கள். ஒருவருக்கும் கோபம் வரவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

வெண்டல் டிராக்டர் பழுது பார்க்கிறவன், என்னோடு பள்ளியில் படித்தவன். அவன் மனைவி ஜானெல் பள்ளிப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ரத்தப் புற்றுநோய். தெரிந்த மருந்துகளெல்லாம் கைவிட்ட பிறகு, கிழக்கே ஓர் அரசு ஆராய்ச்சி மருத்துவமனையில் புதிய சிகிச்சைக்குச் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். அரசு மூடியதும், புதிய நோயாளிகளை எடுக்க முடியாது என்று நிறுத்திவிட்டார்கள்.

"பெட்டியெல்லாம் கட்டியாச்சு நார்மன்" என்றான் வெண்டல். "அவதான் எனக்குத் தைரியம் சொல்றா. எந்த வண்டியா இருந்தாலும் எதைத் திருகணும்னு எனக்குத் தெரியும். இதுல நான் எதைடா திருகறது?"

எனக்கு உண்மையிலேயே கண் கலங்கியது. அன்றே ஜானெலுக்கு விதிவிலக்கு கேட்டு எங்கள் அலுவலகத்தின் பேரில் விண்ணப்பித்தேன். தொடர்புக்கு என் எண்ணைத்தான் கொடுத்தேன். அலைச்சல் அவர்களுக்கு எதற்கு என்றுதான். வேறு எண்ணம் இல்லை.

அதோடு உள்ளூர்த் தொலைக்காட்சிக்காரர்களை வரவழைத்து அவனைப் பேச வைத்தேன். என்னிடம் சொன்னதையே அவர்களிடமும் சொன்னான். பொழுது சாய்வதற்குள் நாடு முழுக்க அது ஓடிவிட்டது. நான் எதிர்பார்த்த கோபம் அப்போதுதான் வந்தது. எதிர்க்கட்சியில் சிலர் ஆட்டம் காணத் தொடங்கினார்கள். எம்.பி. தானே என்னை அழைத்தார். "அந்த மனுஷனை விட்டுடாதய்யா. வெள்ளிக்கிழமை நான் ஊருக்கு வர்றேன். சம்சாரத்தையும் மேடைக்குக் கூட்டிட்டு வரச் சொல்லு."

வியாழக்கிழமை மருத்துவமனையிலிருந்து டாக்டர் ஹாப்குட் அழைத்தார். "உங்க ஜானெலுக்கு விலக்கு கிடைச்சிருச்சு சார். படுக்கை தயாரா இருக்கு. நாளைக்கே அனுப்பி வைக்க முடியுமா?" அந்த அம்மாள் குரலில் அவ்வளவு சந்தோஷம்.

அப்போது என்ன நினைத்தேன் என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். ஜானெல் விமானம் ஏறிவிட்டால், 'பார்த்தீர்களா, உண்மையாகவே அவசரம் என்றால் வழி இருக்கிறதே' என்று எதிர்க்கட்சிக்காரர்கள் சொல்லிவிடுவார்கள். ஊரும் மறுபடி சிரிக்கப் போய்விடும். ஒருத்திக்குத் திறந்த கதவு மற்றவர்களுக்கெல்லாம் மூடியே கிடக்கும்.

"குடும்பத்துல வேண்டாம்னு முடிவு பண்ணிட்டாங்க டாக்டர்" என்றேன். "பயணத்தைத் தாங்க மாட்டாங்க. கடைசி காலத்தை வீட்டுலயே கழிக்கணும்னு ஆசைப்படறாங்க. தயவுசெஞ்சு அவங்களைக் கூப்பிட்டுத் தொந்தரவு பண்ணாதீங்க. படுக்கையை வேற யாருக்காவது குடுங்க."

கொடுத்தார்கள். யாரோ ஒருவருக்கு அது பயன்பட்டிருக்கிறது. இதையும் நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

வெள்ளிக்கிழமை ஜானெலைச் சக்கர நாற்காலியில் வைத்து வெண்டல் தள்ளிக்கொண்டு வந்தான். குளிராக இருந்ததால் அவள் முழங்காலில் நானே கம்பளியைப் போர்த்திவிட்டேன்.

"அங்கேருந்து ஏதாவது சேதி வந்துச்சா நார்மன்?" என்று கேட்டாள்.

"இன்னும் இல்ல ஜானெல்."

"பாவம், அவங்களும்தான் என்ன பண்ணுவாங்க" என்றாள்.

முடி கொட்டிய தலைக்குப் பூப்போட்ட துணி கட்டியிருந்தாள். கேமராவுக்கு முன்னால் அது வேண்டாமே என்றேன். ஏன் என்று கேட்காமல் அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அரசு மறுபடி திறந்தபோது ஜானெலை அடக்கம் செய்திருந்தோம். சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தவர்களில் நானும் ஒருவன், வெண்டல்தான் கேட்டுக்கொண்டான். நாடாளுமன்றத்தில் மார்ச் வரைக்கும் பணம் ஒதுக்கியிருந்தார்கள். இரு தரப்பும் ஜெயித்ததாகச் சொன்னார்கள். இந்த முறை உண்மையில் ஜெயித்தது நாங்கள்தான். அதைச் செய்தது வெண்டலும் ஜானெலும்.

பிறகு டாக்டர் ஹாப்குட் துக்கம் விசாரிக்க வெண்டலை அழைத்திருக்கிறார். கடைசி நாட்களை வீட்டிலேயே கழிக்க முடிவெடுத்தது துணிச்சலான காரியம் என்று பாராட்டினாராம்.

வெண்டல் நேராக அலுவலகத்துக்கு வந்தான். கத்தவில்லை. "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே நார்மன்" என்றான். "அவ பிழைச்சு வந்திருந்தா, நீ சொல்ற மேடையெல்லாம் ரெண்டு பேரும் ஏறியிருப்போமே."

இப்போது உங்களுக்குச் சொன்னதைத்தான் அவனுக்கும் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். கடைசிவரை கேட்டுவிட்டுப் போனான். உங்களிடம் புகார் கொடுத்ததும் அவன்தான் என்று தெரியும். எனக்கு வருத்தமில்லை. துக்கத்தில் இருக்கிறவன்.

டாக்டரிடம் பொய் சொன்னவன் நான். அந்தப் பொய்யால் அவள் செத்துப்போவாள் என்பதும் தெரிந்துதான் சொன்னேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அந்த மருத்துவமனையை முதலில் மூட வைத்தது யார் என்பதையும் எழுதுங்கள்.

மார்ச்சில் பணம் தீர்ந்துவிடும். மறுபடி மூடத்தான் போகிறார்கள். அப்போது வெண்டலை மேடைக்கு அழைக்கும்படி அலுவலகத்தில் சொல்லி வைத்திருக்கிறேன். ஜானெல் இல்லாமல் அவன் பேசினால் இன்னும் நன்றாகவே எடுபடும். நான் கேட்டதாகச் சொன்னால் தட்ட மாட்டான்.