பென்னலூர் வாசலில் நிற்கும் பாய்ப்படகு

மேடையில் வீற்றிருக்கும் சங்கத் தலைவர் சுப்பிரமணி அவர்களே, ஷிப்ட் முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் யூனிபாரத்தோடு வந்து நிற்கும் தோழர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சகோதரி சரோஜா அவர்களே! கனத்த மனத்தோடு உங்களை வணங்குகிறேன்.

சங்கச் செயலாளராக எத்தனையோ பேருக்கு இரங்கல் பேசியிருக்கிறேன். இன்று நாக்கு புரள மறுக்கிறது. துயரம் மட்டுமா? இல்லை, குழப்பம்! நம் மெயின்டனன்ஸ் பிரிவின் தூண், அருமைத் தோழர் பரசுராமன், போன வாரம் கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்தபடியே நெஞ்சுவலியில் போய்விட்டார். பென்னலூரில் அவர் வீட்டு வாசலில் ஒரு பாய்ப்படகு நிற்கிறது. அதை ஏன் சரிசெய்தார்? எனக்குத் தெரியவில்லை, தோழர்களே!

தண்டலத்தில் வாடகை பங்களாவில் இருந்த வெளிநாட்டு இன்ஜினியர் ஒருவர் ஊர் திரும்பும்போது விட்டுப்போன படகு அது. இரண்டு பேர் உட்காரலாம். பாய்மரம் முறிந்து, சுக்கான் கழன்று கிடந்தது. வெட்டி எறியப் போனவர்களைத் தடுத்து, டிராக்டரில் ஏற்றி வந்தார் தோழர். எப்போது? ஊர் ஏரி வறண்டு வெடித்து, ஆடு மேய்ந்த வருஷத்தில்!

இந்த வட்டாரத்தில் காருக்குச் சாமான் கிடைக்கும், லாரிக்குக் கிடைக்கும். படகுக்கு எங்கே கிடைக்கும்? பாய்மரத்தை இழுத்து நிறுத்த ஆட்டோ பிரேக் கேபிளை இரட்டையாக முறுக்கினார். கயிறு ஓடும் உருளைக்கு, கன்வேயரில் தேய்ந்து கழித்த நைலான் ரோலரைக் கடைந்தார். சுக்கான் பிடிக்கு மண்வெட்டிக் காம்பு. அடியில் தண்ணீர் வடியும் ஓட்டைக்கு வாஷ்பேசின் அடைப்பான்! கிழிந்த பாயில் தார்ப்பாயை வைத்துத் தைத்தார். கனம் தாங்காமல் மரம் வளைந்தது. பிரித்துவிட்டுக் குடைத்துணி வைத்தார்.

அந்த ரோலரை கேட் பாஸ் போட்டு எடுத்துப்போனபோது செக்யூரிட்டி மறித்தார். நான் பக்கத்தில் நின்றேன்.

"இன்னா சார் இது?"

"படகு."

"படகா? எங்க கீது?"

"மீதி வூட்ல கீது."

"யாருக்குப்பா இது?" என்று நானும் கேட்டேன். "மொதல்ல பார்ட்ஸ் கெடைக்கட்டும்" என்றார். தலைவரிடம், விற்கப்போவதாகச் சொல்லியிருக்கிறார். கடலோர மணப்பாட்டிலிருந்து இங்கே வேலைக்கு வந்த நம் அந்தோணிராஜிடம், கடலுக்குக் கொண்டுபோவதாகச் சொல்லியிருக்கிறார். பரசுராமனுக்கோ நீச்சலே தெரியாது! எதை நம்புவது?

இன்று காலை அவர் மனைவி, சகோதரி சரோஜா என்னிடம் சொன்னார்: "அண்ணா, நாளைக்கு காயலான் கடைக்காரரு வராரு. வாசல அடைச்சிக்கினு கீது. இன்னாத்துக்கு இத்த செஞ்சாருன்னு யாராச்சும் சொன்னா வெச்சிக்கிறேன். எனக்குத் தெரியல. கூட்டத்துல கேட்டு சொல்லுங்க."

கேட்டுவிட்டேன், அம்மா. யாருக்கும் தெரியவில்லை. கட்டிய மனைவிக்கே சொல்லாததை எங்களுக்கா சொல்லியிருப்பார்?

என்னம்மா, எழுந்துவிட்டீர்கள்? மைக்கை அவரிடம் கொடுங்கள்.

கேட்டீர்களா, தோழர்களே? "ஏன்னு வுடுங்கண்ணா. அது ஓடுமா?" என்கிறார்! நம்மில் யாராவது இப்படிக் கேட்டோமா? அந்தோணிராஜ், நீ படகைப் பார்த்தவனாயிற்றே, சொல்லப்பா. சத்தமாக!

"ஓடும்ணே. எந்தப் பக்கம் ஓடும்னுதான் சொல்ல முடியாது. சுக்கானுக்கு ஒரு கீலு இன்னும் மாட்டல."

சகோதரி, காயலான் கடைக்காரரைத் திருப்பி அனுப்புங்கள்! இந்த மழையில் ஏரி நிரம்பிக் கிடக்கிறது. மறைந்தவர் விட்டுச்சென்ற பணியைத் தொடர்வோம் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சூளுரைப்போம். இன்று அது என்ன பணி என்று தெரியாமலேயே சூளுரைக்கிறேன்: தொடர்வோம்! ஞாயிற்றுக்கிழமை படகைத் தண்ணீரில் இறக்குவோம்! நீங்கள் ஏறுவீர்களா, அம்மா?

ஏறுகிறேன் என்கிறார்!

அப்படியென்றால் அந்தோணிராஜும் கூட ஏறட்டும். கடற்கரைப் பிள்ளை, நீந்தத் தெரிந்தவர். இப்போது நமக்கு ஒரு கீல் வேண்டும், தோழர்களே. துருப்பிடிக்காதது, ஒரு சாண் நீளம். பஸ் கதவோ, பழைய பீரோவோ, எதிலிருந்து கழற்றியதானாலும் சரி. யாரிடமாவது இருந்தால், கிளம்புவதற்கு முன் தயவுசெய்து மேடைக்கு வாருங்கள்.